மஞ்சள் வைத்த கத்தி

அக்டோபர் 10

நாளைக்கு ஆயுத பூஜை. லேபைக் கழுவித் துடைக்க என்னைத் தவிர இந்த டிப்பார்ட்மெண்டில் யாருக்கும் கை கிடையாது போலிருக்கிறது. "மாரீஸ், நீதாம்மா சீனியர். பொம்பளப் பிள்ளை வேற. லட்சணமா செஞ்சிருவ" என்று அழகியநம்பி சார் பல்லைக் காட்டினார். என் பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு கைடு அவர்தான். போன வருஷம் மிஷினுக்கெல்லாம் நான் ஒற்றைப் பொட்டு வைத்ததைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, பொட்டு வைக்கக்கூடக் கஞ்சத்தனமா? அதான் உன் ரிசல்ட்டும் அப்படியிருக்கு" என்று எல்லார் முன்னாலும் சிரித்த அதே மனுஷன். நான் மறக்கிற ஜாதியில்லை.

என்னோடு சேர்ந்தவர்கள் டாக்டர் பட்டம் வாங்கி, கல்யாணம் முடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டார்கள். நான் இன்னும் எலிப் புழுக்கை அள்ளிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் அப்பா போன். கோவில்பட்டியில் மழையாம். அவருக்கு நடுக்குவாதம், கை நடுக்கம் கூடியிருக்கிறதாம். "இந்த மாத்திரையப் போட்டா கொமட்டிக்கிட்டு வருதுட்டி. சோத்தப் பாத்தாலே ஓங்கரிக்கி" என்றார். போட்டுத்தான் ஆகணும் என்றேன். "உன் மருந்து எப்பதான் வரும்?" என்றார். கத்திவிட்டேன். கத்தினால் அவரும் கத்துவார். கத்தினார். எங்கள் வீட்டில் பாசம் என்றால் இப்படித்தான்.

அக்டோபர் 11

வஞ்சகமில்லாமல் பூசிவிட்டேன். மஞ்சளைக் குழைத்து, மேலே சந்தனம், அதன் மேல் குங்குமம். சென்ட்ரிபியூஜ், தராசு, மைக்ராஸ்கோப்பின் காலடி, ஒன்றையும் விடவில்லை. மூளை சீவும் கிரையோஸ்டாட் மிஷினை நேற்றே அணைத்துப் பனியை உருக்கி வைத்திருந்தேன். அது ஒரு ஐஸ் பெட்டி, உள்ளே கத்தி. உறைந்த எலி மூளையை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் வெங்காயத்தோலைவிட மெல்லிசாகச் சீவித் தரும். சார் எட்டிப் பார்த்து, "உள்ளேயும் வைம்மா, அதான நம்ம சோறு" என்றார். வைத்தேன். கத்தி உட்கார்கிற மேடையில் பட்டை பட்டையாக மூன்று இழுப்பு. கஞ்சத்தனம் என்று இனி எவன் சொல்வான் பார்ப்போம்.

ஹெப்சிபா வரவில்லை. நாசரேத்துக்காரி, எனக்கு ஜூனியர். பூஜைக்கு வரமாட்டாள், அது அவள் இஷ்டம். ஆனால் பொரிகடலை பங்கிடும்போது மட்டும் கதவோரம் வந்து நின்றாள். கொடுத்தேன். கொஞ்சமாகத்தான் கொடுத்தேன்.

கோட்டின் கைமடிப்பில் மஞ்சள் பட்டுவிட்டது. ஹாஸ்டலில் பார் சோப்புப் போட்டுத் தேய்த்தால் வழக்கம்போல ரத்தச் சிவப்பாகிவிட்டது. எங்கம்மா பக்கத்தில் இருந்திருந்தால், "சோப்பப் போடாதன்னு எத்தன தடவ சொல்ல!" என்று மண்டையில் கொட்டியிருப்பாள். கறை போகவில்லை.

அக்டோபர் 12

விஜயதசமி. தொட்டது துலங்கும் நாள், ஒரு துண்டாவது சீவியாக வேண்டும் என்று சார் உத்தரவு. மிஷின் குளிர்ந்ததும் வழக்கப்படி கத்தி, மேடை எல்லாவற்றையும் ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்தேன். சுத்தத்தில் என்னை அடிக்க இந்தக் கட்டடத்தில் ஆளில்லை. நேற்று இழுத்த மஞ்சள் பட்டையை மட்டும் வேண்டுமென்றே அழிக்காமல் சுற்றித் துடைத்தேன்.

சீவினேன். மைக்ராஸ்கோப்பில் நீல வெளிச்சம் போட்டேன்.

பச்சை! மூளை முழுக்கப் பச்சை!

உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அக்டோபர் 13

நேற்று சந்தோஷத்தில் ஒழுங்காக எழுதவில்லை. மூளைக்குள் கண்டதும் நுழையாதபடி ரத்தக் குழாய்களில் ஒரு காவல் இருக்கிறது. நடுக்குவாதத்துக்கு எவ்வளவு நல்ல மருந்து செய்தாலும் அந்தக் காவலில் மாட்டிக்கொள்ளும். நாங்கள் மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளுக்குள் அடைத்து, கூடவே பச்சையாக ஒளிரும் சாயம் கலந்து, எலிக்கு மூக்கு வழியாக விடுகிறோம். மூளையில் பச்சை தெரிந்தால் துகள் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். இத்தனை வருஷமும் இருட்டுதான் தெரிந்தது.

அப்பா அரசு பஸ் ஓட்டியவர். அவருக்குப் புரியும்படி நேற்றே போனில் சொன்னேன். "மூளைக்கு முன்னால ஒரு செக்போஸ்ட் இருக்குப்பா. லாரிய விடமாட்டான். நாங்க சரக்க சின்னச் சின்னதாப் பிரிச்சு டூவீலர்ல சந்து வழியா அனுப்பிட்டோம்."

"தாண்டிருச்சா?"

"தாண்டிருச்சு."

அந்த மனுஷன் அழுது நான் கேட்டதில்லை. நேற்றும் கேட்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

அக்டோபர் 24

மிஷினை ஹெப்சிபாவுக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் எலிகள் வரிசையில் நிற்கின்றன. சுவாலஜியில் ஒரு பழைய மிஷின் துருப்பிடித்துக் கிடக்கிறது, அங்கே போய்ச் சீவட்டும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனாள். போகட்டும்.

நவம்பர் 8

ஹெப்சிபாவின் ஸ்லைடுகள் இருட்டு. அதே மருந்து, அதே சாயம், அதே கூண்டு எலி. என்னுடையது பச்சை, அவளுடையது அமாவாசை. கேட்டால், "அக்கா, உங்க ஸ்லைடுல செல்லுக்குள்ள புள்ளி புள்ளியா இல்லையே. எல்லா இடத்துலயும் தடவுன மாதிரில்லா இருக்கு" என்கிறாள். தடவின மாதிரியாம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வாயை மூடிக்கொண்டு உன் கையைச் சரிபண்ணு என்றேன். எல்லாரும் இருந்தார்கள். நன்றாகவே சொன்னேன்.

நவம்பர் 19

நடுக்குவாதம் வரவழைத்த எலிகளைச் சுழலும் கம்பியில் ஏற்றினோம். மருந்து போன எலி விழாமல் நிற்க வேண்டும். விழுகிறது. போடாத எலி எப்படி விழுகிறதோ அப்படியே விழுகிறது.

"டோஸ் பத்தலைம்மா. மூளைக்குப் போயிருச்சுல்ல, அதான் மேட்டர்" என்றார் சார். சரிதான். மருந்து போடாத எலியின் மூளையையும் புதிதாகச் சீவி, ஒப்பிட்டுப் பார்க்கப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "போன வருஷத்துப் படம் இருட்டா அழகா இருக்குல்ல, அதையே வை. எலிய வீணாக்காத." எனக்கும் சோம்பல்தான். வைத்துவிட்டேன்.

டிசம்பர் 3

ஆய்விதழுக்குக் கட்டுரை போய்விட்டது. முதல் பெயர் என்னுடையது. ஹெப்சிபாவின் பெயரை சார் அடித்துவிட்டார். "இருட்டுக்கு எதுக்குப் பேரு?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டிசம்பர் 18

பேப்பரில் வந்துவிட்டது! "நடுக்குவாதத்துக்கு நுண்துகள் மருந்து: நெல்லை ஆய்வாளர்கள் சாதனை". சார் கோட்டு சூட்டில் நிற்கிறார். பின்னால் பாதி முகத்தோடு நான். "விரைவில் மக்கள் பயன்பாட்டுக்கு" என்று எழுதியிருக்கிறார்கள். எலியே கம்பியில் நிற்கவில்லை, மக்கள் எங்கே பயன்படுத்த? சாரிடம் கேட்டேன். "நிருபர் எழுதுனதுக்கு நான் என்ன பண்ண? நல்லாத்தான இருக்கு" என்றார்.

அப்பா டீக்கடைக்குப் பேப்பரைக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டினாராம். "என் மவ" என்றாராம். அம்மா சொன்னாள். என் காதுபட ஒரு நாளும் சொன்னதில்லை அந்த மனுஷன்.

டிசம்பர் 30

சளி. எலிக்கூண்டு கழுவினேன். எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 6

ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் பரிசோதித்தவர்களில் எவரோ ஒரு மூக்கு நுழைப்பி கேட்டிருக்கிறார். மருந்து போடாத எலியின் மூளையை அதே மிஷினில் அதே நாளில் சீவிப் படம் தர வேண்டுமாம். மெனக்கெட்ட வேலை. நாளைக்கு முடித்துத் தள்ளிவிடுகிறேன்.

ஜனவரி 7

பச்சை.

ஜனவரி 8

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. மருந்தே போகாத எலி. சாயத்தின் வாசம்கூடப் பிடிக்காத எலி. அதன் மூளையும் பச்சை. ஸ்லைடு மாறிவிட்டதோ என்று இன்னொரு எலி. பச்சை. மூளையே வேண்டாம் என்று மிஷின் மேடையைத் துடைத்த ஸ்பிரிட்டில் ஒரு சொட்டை மட்டும் கண்ணாடியில் விட்டுப் பார்த்தேன். அதுவும் பச்சை.

துடைத்த பஞ்சை வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சளாக இருந்தது.

எதையும் நினைக்காமல் பையில் போட்டு ஹாஸ்டலுக்கு எடுத்துவந்தேன். குளியலறையில் பார் சோப்பை நனைத்துப் பஞ்சில் ஒரு தேய்ப்பு. சிவந்துவிட்டது. கோட்டுக் கைமடிப்பில் இருக்கிற அதே சிவப்பு.

தண்ணீரில் கரையாத மஞ்சள் ஸ்பிரிட்டில் கரையும். நீல வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும். பரீட்சைக்குப் படித்ததுதான். நான் துடைக்கத் துடைக்க அது கரைந்து கத்தியெல்லாம் பரவியிருக்கிறது. சுத்தத்தில் என்னை அடிக்க ஆளில்லை என்று எழுதியிருக்கிறேனே. தூ!

துகள் எங்கேயும் போகவில்லை. ஹெப்சிபாவின் இருட்டுதான் நிஜம்.

ஜனவரி 9

சாரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பஞ்சைக் காட்டினேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யாரு மஞ்சள் வச்சது?"

"நான்தான் சார். நீங்க உள்ளேயும் வைக்கச் சொன்னீங்க."

"பொட்டு வைக்கத்தான் சொன்னேன், அப்பி விடவா சொன்னேன்?" மேஜையில் ஓங்கி அடித்தார். பிறகு குரலில் வெல்லம் தடவிக்கொண்டார். "பாரும்மா. பேப்பர்ல வந்தாச்சு. துணைவேந்தர் கூப்பிட்டுப் பாராட்டியாச்சு. மேடைய நல்லாத் துடைச்சிரு. பழைய படத்துக்குப் புதுத் தேதியப் போட்டு அனுப்பு. உன் தீசிஸ்ல அடுத்த மாசமே கையெழுத்துப் போடுதேன். அப்புறம், அந்த நாசரேத்துப் பிள்ளைய வர்ற கமிட்டில வெளியேத்தணும். கை சரியில்லன்னு நீ சொல்லணும். அது இருந்தா நோண்டிக்கிட்டே இருக்கும்."

அடுத்த மாசம் கையெழுத்து.

சரி என்றேன்.

ஜனவரி 10

ஆமாம், சரி என்றுதான் சொன்னேன். எவளாவது என் இடத்தில் இருந்து பார்க்கட்டும்.

ஜனவரி 14

கோவில்பட்டி. பொங்கல். அம்மா போனில் சொல்லாமல் மறைத்திருக்கிறாள். அப்பா குளியலறையில் விழுந்து தாடையில் தையல். என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது. போன மாசம் நடந்துபோய் டீ குடித்த ஆள். கரும்பை ஒடித்து வாயருகே பிடித்தால் கடிக்க முடியவில்லை.

"மாத்திரை போடுறாராம்மா?"

"போடுதேன்னுதான் சொல்லுதாரு" என்றாள் அம்மா. அவள் முகமே சரியில்லை.

அவர் எதையும் ஒளிக்கிற இடம் எனக்குத் தெரியும், டிவிக்குப் பின்னால் கையை விட்டேன். அட்டை அட்டையாக மாத்திரை. ஒன்றுகூட உடைக்காமல்.

கத்தினேன். நல்ல நாளும் அதுவுமாகத் தெருவே கேட்கக் கத்தினேன். அவர் அசரவில்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் அந்தப் பேப்பர். சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார். அதைக் காட்டி, நாக்குக் குழற, "அதான் உன் மருந்து வருதுல்லா? பெறவு எதுக்கு இந்தக் கொமட்டல் எழவு? ரெண்டு மாசம் பொறுத்துக்கிடுதேன்" என்றார்.

சொல்லியிருக்க வேண்டும். அப்பவே, அங்கேயே. பொங்கல் பானை முன்னால் நாக்கு எழவில்லை. "போடுப்பா, போடுப்பா" என்று கெஞ்சினேன். நானே கெஞ்சினேன்! வாயை இறுக மூடிக்கொண்டார். நான் எதற்குக் கெஞ்சுகிறேன் என்று அவருக்குப் புரியவே இல்லை.

ஜனவரி 17

திருநெல்வேலி. வந்ததும் பழைய படத்தைத் திறந்தேன். தேதி போடும் இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டே இருந்தது. மூடிவிட்டேன்.

மேடையை இன்னும் துடைக்கவில்லை.

ஜனவரி 21

இன்றைக்குக் கமிட்டி. மதுரையிலிருந்து ஒரு பேராசிரியை, எங்கள் சார், இன்னும் ஒருவர். ஹெப்சிபா நடுவில் நின்றாள், கோழி திருடி அகப்பட்டவளை நிறுத்தின மாதிரி. "டெக்னிக் மோசம் மேடம். சீனியரையே கேளுங்க" என்று சார் என்னைக் கை காட்டினார்.

அந்தக் கறை படிந்த கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். பையில் பஞ்சு, ஸ்பிரிட், பார் சோப்பு. "இங்க சொன்னாப் புரியாது, மிஷின் ரூமுக்கு வாங்க" என்றேன். எழுந்து வந்தார்கள். சார் முகம் போன போக்கைப் பார்க்கணுமே.

மேடைத் திருகின் இடுக்கில் பஞ்சை விட்டு எடுத்தேன். மஞ்சள். சோப்பில் தேய்த்து எல்லார் கண் முன்னாலும் நீட்டினேன். சிவப்பு.

அந்த அறையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆளாளுக்கு வீட்டில் ஒரு சட்டையாவது, ஒரு சேலையாவது அப்படிச் சிவந்திருக்கும். மதுரை அம்மா முதலில் பஞ்சைப் பார்த்தார்கள். பிறகு என் கோட்டுக் கையைப் பார்த்தார்கள். "மஞ்சளா?" என்று மட்டும் கேட்டார்கள்.

"ஆமா மேடம். நான் வச்சது. என் படம் எல்லாமே இதுதான். மருந்து போடாத எலியும் பச்சையாத்தான் தெரியுது. இவ கத்தில மஞ்சள் இல்ல, அதனால இருட்டு. இவ கைதான் சரியான கை."

"இந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்ல மேடம், வீட்டுல பிரச்சனை" என்று சார் குறுக்கே பாய்ந்தார்.

"இருங்க" என்றார்கள் மதுரை அம்மா. அவ்வளவுதான், மனுஷன் வாய் அடைத்துவிட்டது.

வராந்தாவில் என்னை மறித்துக்கொண்டு, "நான் உயிரோட இருக்கிற வரைக்கும் உன் தீசிஸ்ல என் கையெழுத்து விழாது" என்றார். விழ வேண்டாம்.

சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"அப்பா, அந்தப் பேப்பரக் கிழிச்சுரு. வண்டி செக்போஸ்ட்டத் தாண்டவே இல்ல. நான் தப்பாப் பாத்துட்டேன். மருந்து வராது. இப்போதைக்கு வராது. அந்த மாத்திரைதான் உனக்கு."

"தாண்டிருச்சுன்னு சொன்னியேட்டி" என்றார்.

"சொன்னேன்."

"ஊரெல்லாம் சொன்னேனே."

போனை வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

ஜனவரி 22

அம்மா பேசினாள். மாத்திரையை நீட்டினால் தட்டிவிடுகிறாராம். என் பேரை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம்.

ஹெப்சிபா மிஷின் அறையில் இருந்தாள். நான் போனதும் நிமிரவில்லை.

"தேங்க்ஸ எதிர்பாக்காதீங்க அக்கா."

"எதிர்பாக்கல."

"சுவாலஜிக்கு விரட்டுனது நீங்கதான். இருட்டுன்னு சிரிச்சதும் நீங்கதான்." கத்தியைக் கழற்றி வைத்தாள். "விரட்டலேன்னா என் ஸ்லைடும் பச்சையாத்தான் இருந்திருக்கும். அதுக்கு வேணா தேங்க்ஸ் சொல்லலாம்."

சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் தந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

ஜனவரி 24

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மறுப்புச் செய்தி போடும்படி பேப்பர்காரர்களைக் கேட்டேன். "அது இப்ப நியூஸ் இல்லைங்களே" என்கிறார்கள்.

ஹெப்சிபா மிஷின் கதவில், "உள்ளே மஞ்சள், சந்தனம், குங்குமம் வைக்காதீர்கள்" என்று கொட்டை எழுத்தில் நேற்று ஒட்டியிருந்தாள். இன்றைக்குத் தை வெள்ளி. காலையில் போய்ப் பார்த்தால் அந்தக் காகிதத்திலேயே எவரோ சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். ஹெப்சிபாவும் நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். இருவருக்கும் சிரிப்பு வந்தது. ஒருத்தி முன்னால் ஒருத்தி சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டோம்.

ஜனவரி 25

அப்பா பேசவில்லை. மாத்திரையும் போடவில்லை. நேற்று ராத்திரி மறுபடி விழுந்தாராம்.

ஜனவரி 26

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கவில்லை. ஹாஸ்டலுக்கு வந்து கூப்பிட்டேன். அம்மா எடுத்தாள்.

"போனை அவரு காதுல வையி. பேச வேண்டாம். கேட்டாப் போதும்."

வைத்தாள் போலிருக்கிறது. மூச்சுச் சத்தம் கேட்டது.

"அப்பா, எனக்குப் பட்டம் கிடையாது. கைடு துரத்திட்டான். வேற கைடு கிடைச்சா மொதல்லருந்து ஆரம்பிக்கணும். ஆரம்பிப்பேன். ஆனா எப்ப முடியும்னு பொய் சொல்லமாட்டேன். அதுவரைக்கும் நீ நடமாட்டத்தோட இருக்கணும். என்னைய ஏசு, பேசாம இரு, என்னமும் செய்யி. மாத்திரையப் போடு."

கட்டில் கிரீச்சிட்டது. அம்மா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். பிறகு அட்டை உடைபடும் சத்தம். ஒரு தடவை தவறி, மறுபடியும். பிறகு டம்ளர். அவர் கை நடுக்கத்தில் அது பல்லில் இடித்து இடித்து, எனக்கு இங்கே நன்றாகக் கேட்டது. விழுங்கினார். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கொமட்டுதுட்டி" என்றார் அப்பா. கட் பண்ணிவிட்டார்.